சுவரை எல்லாரும் காலையில்தான் பார்த்தார்கள்

என் வயதுக்காரரே, ஒன்று கேட்கிறேன். இந்தச் சித்திரை வெயிலில் மத்தியானம் சாப்பிட்டபின் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள்? மகன் கட்டித் தந்த அறையிலா? அல்லது என்னைப்போலத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க இடம் தேடித் திரிகிறீர்களா? நான் திரிகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. கொக்குவிலில் என் மகளின் வீட்டில் ஐந்து அறைகள். எந்த அறை எந்த நேரம் சுடும் என்று அந்த வீட்டைக் கட்டினவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு பெட்டை வந்தாள். பட்டினத்துச் சூட்டைப் பற்றிப் படிக்கிறாளாம். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அதைப்போல ஒன்று கையில் வைத்திருந்தாள். றோட்டுக்குப் பிடித்தாள். மதிலுக்குப் பிடித்தாள். முற்றத்து மண் தெரியாமல் மகள் பதித்து வைத்திருக்கிற சீமெந்துக் கல்லுக்குப் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்க அதில் இலக்கம் மாறியது. எனக்கு அந்தச் சாமானில் ஆசை வந்துவிட்டது. வாங்கி வாழைக்குப் பிடித்தேன், நாய்க்குப் பிடித்தேன், என் காலுக்கும் பிடித்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"பிள்ளை, இப்ப என்ன நேரம்?"

"ஒன்பதரை அம்மா."

"காலமை ஒன்பதரைக்கு வந்து சுவரைப் பாத்து என்னத்தை அறியப் போறாய்? விளக்கு வைக்கிற நேரம் வா."

"உங்களுக்கு உதை ஆர் சொன்னது?" என்று சிரித்தாள்.

ஒருவரும் சொல்லவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்பது வயதில், ஒரு சித்திரையில் தொடங்கி வைகாசி வரைக்கும், என் கன்னத்தை வைத்து நானே கண்டுபிடித்தேன். அவளுக்கு அவசரம், போய்விட்டாள். உங்களுக்கு அவசரம் இல்லைத்தானே. இருங்கள்.

எங்கள் ஐயாவுக்குத் தெற்கில் ஒரு ஊரில் சுருட்டுக் கடை இருந்தது. வருடத்தில் பத்து மாதம் அங்கே, வருடப்பிறப்பை ஒட்டி இரண்டு மாதம் வீட்டில். அங்கே தட்டையான கொங்கிறீற் கூரை போட்ட கட்டடங்களைக் கண்டுவிட்டு வந்தார். அந்தக் கூரை அவர் மனதில் ஏறிவிட்டது. அக்காவின் கலியாணத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார், என் மகளுக்குச் சீதனமாகக் கொங்கிறீற்றில் வீடு கட்டிக் கொடுப்பேன் என்று. முதலில் ஒரு பெரிய அறை. மற்ற அறைகள் பிறகு.

எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதல் கொங்கிறீற். கூரை ஊற்றிய அன்று ஊரே வந்து பார்த்தது. ஐயா மேலே ஏறி நின்று கீழே நின்றவர்களோடு கதைத்தார். அதன் வாசனை எனக்கு இன்றைக்கும் தெரியும். நனைந்த சீமெந்தின் வாசம், சாக்கின் வாசம், மேசன்மார் பற்றின சுருட்டின் வாசம். பழைய வீட்டில் பாதியை இடித்து அந்த இடத்தில்தான் அறையைக் கட்டினார்கள். மற்றப் பாதி கிடுகுக் கூரையோடு பக்கத்தில் நின்றது. பழையதைப் பற்றி நான் புளுகமாட்டேன். மாரியில் ஒழுகும், கிடுகுக்குள் பூரான் இருக்கும், கறையான் தின்னும். வருடாவருடம் வேய வேண்டும். இடித்தபோது அம்மாதான் முதலில் சந்தோஷப்பட்டா.

வேலியும் போனது. கிடுகு வேலி என்றால் உங்களுக்குத் தெரியும், வருடாவருடம் அடைக்க வேண்டும், அடைக்கிற அன்று பக்கத்து வளவோடு ஒரு சண்டை வரும். ஐயா ஒழுங்கைப் பக்கம் ஆளுயரத்துக்கு மேலே மதில் எழுப்பினார். "இனி ஒருத்தரோடையும் கதை இல்லை" என்றார். அதே மாதம் ஒழுங்கையை அகலமாக்க வந்தவர்கள் கரையில் நின்ற பூவரசுகளைத் தறித்துத் தார் ஊற்றினார்கள். ஐயாவுக்கு அதுவும் பெருமை. தார் றோட்டு, மதில், இரும்புக் கேற், கொங்கிறீற். எல்லாம் ஒரே வருடத்தில்.

குருநகரில் இருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற மனிசி ஒருத்தி இருந்தா. கடகத்தைத் தலையில் வைத்து வெறுங்காலோடு அவ்வளவு தூரமும் நடந்து வருவா. தார் போட்ட பிறகு எங்கள் கேற்றடிக்கு வந்ததும் கடகத்தை இறக்கிவிட்டு, தலையில் இருந்த சும்மாட்டுத் துணியைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நிற்பா.

"என்னடியப்பா, துணியிலை நிண்டு யாவாரம் செய்யிறாய்?" என்று அம்மா கேட்டா.

"ஏனெண்டோ? மாதாவே, உங்கடை ஒழுங்கையிலை மீனை வைச்சால் பொரியாதோ? கறிச்சட்டி மிச்சம் உங்களுக்கு."

"முந்தியும் வெயில்தானே."

"முந்தி பூவரசு நிண்டதெல்லே. ஒரு பூவரசிலையிருந்து மற்றப் பூவரசுக்கு ஓடி ஓடி வருவன். இப்ப எங்கை ஓடுறது, உங்கடை கேற்றுக்கோ?"

அவ அந்தப் பகிடியை விட்டுவிட்டுப் போனதும் நான் தாரில் கால் வைத்துப் பார்த்தேன். எத்தனை அடி நடக்கலாம் என்று எண்ணினேன். பழைய மண் ஒழுங்கையின் மிச்சத்தில் எத்தனை அடி என்றும் எண்ணினேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகத் தொடங்கியது.

எங்களிடம் ஒரு வெள்ளை ஆடு இருந்தது. அதை அவிழ்த்துவிட்டால் அது தானே இடம் பார்த்துப் படுக்கும். காலையில் புது அறையின் மேற்குச் சுவரோடு ஒட்டிப் படுக்கும். வெயில் உச்சிக்கு வர எழும்பிப் பழைய வீட்டின் பக்கம் போகும். பின்னேரம் புது அறைப் பக்கம் தலையும் வைக்காது. வழியில் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆடு எழும்பின இடத்தில் நான் போய்க் குந்திச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கையால் தொட்டால் இவ்வளவு தெரியாது. கன்னத்துக்குத் தெரியும்.

காலையில் புதுச்சுவர் தண்ணீர்ப் பானை போல இருந்தது. பின்னேரம் அதே சுவர், அதே இடம், கன்னத்தை எடுக்க வைத்தது. வெயில் அப்போது இறங்கிவிட்டது. ஆனால் சுவர் இறங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம்தான் மிக மோசம். பழைய வீட்டில் அப்படி இல்லை. அந்தக் கூரை நெற்றிவரை தாழ்ந்து வரும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அதனால் அந்தச் சுவர் தன் பிறவியிலே வெயிலைக் கண்டதில்லை. கிடுகும் வெயில் இருக்கும்வரை சுடும், வெயில் போனதும் ஆறிவிடும்.

அம்மா ஒருநாள் என்னைக் கண்டுவிட்டா.

"இஞ்சை வந்து பாருங்கோ, உவள் சுவரோடை கொஞ்சிக்கொண்டு நிக்கிறாள்!"

"சீமெந்துச் சுவரிலை அவ்வளவு விருப்பம் பிள்ளைக்கு" என்று ஐயா சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பட்டம். சுவர்கொஞ்சி.

சித்திரை முடிகிற நேரம் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அத்தான் கடையைப் பார்த்துக்கொண்டு தெற்கில் நின்றார். பிள்ளைப்பேறு வீட்டில்தான், மருத்துவிச்சி வந்து பார்த்தா. எந்த இடத்தில் என்று கேள்வியே இல்லை. "என்ரை பேரன் கொங்கிறீற்றுக்குக் கீழைதான் கண் முழிக்கவேணும்" என்று ஐயா சொல்லிவிட்டார்.

துடக்குத் தீட்டு முப்பத்தொரு நாள். அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. பிள்ளைப்பெத்தவளுக்குக் காற்றுப் படக்கூடாது. யன்னலைச் சாத்திச் சாக்குத் தொங்கவிட வேண்டும். வேப்பிலை, நொச்சி அவித்த தண்ணீரில் குளிப்பு. சரக்கு அரைத்த கறி, பால் சுரக்கப் பால்சுறா மீன். குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஒரு மிடறு, அதற்கு மேல் குடித்தால் வயிறு வைக்கும் என்பார்கள். இதெல்லாம் பழைய வீட்டுக்கு உண்டான வழக்கம். கிடுகுக் கூரைக்குள் யன்னலைச் சாத்தினாலும் ஓட்டைக்குள்ளால் காற்று வரும். அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கொங்கிறீற்றுக்குள் வைத்தார்கள்.

இப்போது நினைத்தால் யாரும் கவனம் இல்லாமல் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. எல்லாரும் கவனித்தார்கள், எல்லாரும் காலையில் கவனித்தார்கள். மருத்துவிச்சி குளிக்க வார்க்கக் காலையில் வருவா. ஐயா குளித்துத் திருநீறு பூசி அறை வாசலுக்குக் காலையில் வருவார். ஆம்பிளை, உள்ளே வரமாட்டார், வாசற்சுவரில் கையை வைத்துப் பார்ப்பார். "பாத்தியளே, ஐஸ் மாதிரி இருக்கு" என்பார். பிறகு மாமர நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவரோடு இருப்பார். பின்னேரம் அம்மா குசினியில். அந்த நேரம் அறைக்குள் பிள்ளைக்குப் பனையோலை விசிறியால் விசுக்கிக்கொண்டு இருந்தது நான் ஒருத்திதான்.

விசுக்கினால் காற்று வரும், ஆனால் அடுப்புக்குள் இருந்து வருகிற காற்றுப் போல வரும். கூரையில் இருந்து இறங்கும் சூடு தலையில் கை வைத்ததுபோல் இருக்கும். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பா.

"தண்ணி கொஞ்சம் தாடி."

"அம்மா ஏசுவா அக்கா."

"அம்மாக்குச் சொல்லாதை. நாக்கு நனையுற அளவு தா."

நான் சிரட்டையில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுப்பேன். களவாக.

பிள்ளை நனைக்கிற துணிகளைத் தோய்த்துப் போடுவதும் என் வேலை. முதல் கிழமை பத்துத் துணி வரும். இரண்டாம் கிழமை ஆறு. பிறகு மூன்று. ஒருநாள் காலையில் இருந்து மத்தியானம் வரை ஒன்று. எனக்கு வேலை குறைந்ததே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. பிறகுதான் பிள்ளை அழுகிற சத்தமும் குறைந்ததைக் கவனித்தேன்.

மறுநாள் காலை மருத்துவிச்சி பிள்ளையைத் தூக்கிப் பார்த்தா. உடம்பு சுட்டது. பால் குடிக்கவில்லை. அவ சுவரில் கையை வைத்தா.

"ஓம், உதுதான். சீமெந்துக் குளிர் பிள்ளைக்குப் பிடிச்சிட்டுது. தொட்டுப் பாருங்கோ அம்மா, என்ன குளிர்."

"அப்ப என்ன செய்யிறது?" என்று அம்மா பதறினா.

"தணல் சட்டி ஒண்டு வையுங்கோ. யன்னல் நீக்கலுக்குள்ளையும் துணி அடையுங்கோ."

கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி வைத்தார்கள். வைகாசி மாதத்தில். ஒருவரும் அறிவில்லாதவர் அல்ல. கையில் பட்டதை நம்பினார்கள், அவ்வளவுதான். கை பட்ட நேரம் பிழை.

அன்று பின்னேரம் நான் விசிறியோடு உள்ளே போனபோது அக்கா கண்ணைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. பிள்ளை அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது, மீன் கடகத்தில் கடைசியாகக் கிடக்கிற மீனைப் போல. அதன் உச்சந்தலை கொஞ்சம் பள்ளமாக இருந்தது. நான் விசிறியைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, சுவர் சுடுது. பிள்ளைக்குக் குளிர் இல்லை, சூடு."

"காலமை மருத்துவிச்சி சொன்னவ கேட்டனீதானே. நீ சுவரோடை கொஞ்சினது காணும், போய் விசுக்கு."

போகவில்லை. கேற்றடிக்கு ஓடினேன். ஐயா இரண்டு அயலவரோடு நின்று மதிலின் கனத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"ஐயா, வந்து அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கோ."

"காலமை தொட்டனான் பிள்ளை."

"காலமை வேறை சுவர், பின்னேரம் வேறை சுவர்!"

அயலவர் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்கடை கடைக்குட்டிக்கு ஒரு அறைக்குள்ளை ரண்டு வீடாம்" என்றார் ஒருவர். ஐயாவின் முகம் சிவந்தது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். ஆட்களுக்கு முன்னால் ஐயாவின் கையைப் பிடித்து இழுத்த பிள்ளை எங்கள் வீட்டில் அதற்கு முன் இல்லை. அடி விழும் என்று தெரியும். இழுத்தேன்.

மேற்குச் சுவருக்குக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையை வைத்தேன். எடுத்துவிட்டார். தானாக இன்னொரு முறை வைத்தார். பிறகு யன்னலடிக்குப் போனார், சாக்கை விலக்கி, நீக்கலில் அடைத்த துணியை இழுத்து எறிந்துவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டார். அப்படியே நின்றார்.

"கதவைத் திற!" என்று கத்தினார். அம்மா அகப்பையோடு ஓடி வந்தா.

"என்னப்பா இது, பிள்ளைப்பெத்த அறை. காத்துப் பட்டால் என்ன ஆகும்?"

"காத்து எங்கை இருக்கு? வாற காத்தை நானெல்லே மதில் வைச்சு மறிச்சுப் போட்டன்."

சோளகக் காற்று தொடங்கிய நாட்கள் அவை. மதிலுக்கு அந்தப் பக்கம் தென்னை ஆடியது. இந்தப் பக்கம் ஒரு துணியும் அசையவில்லை.

ஐயா என்னைப் பார்த்தார். "இந்த நேரம் எங்கை பிள்ளை குளிர்?"

பதில் வேண்டும் என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பழைய வீட்டின் மிச்சப் பாதியைக் காட்டினேன். வாசலில் ஆடு படுத்திருந்தது.

துடக்கும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. ஐயாவே உள்ளே போய் அக்காவைத் தூக்கினார். அம்மா பிள்ளையைத் தூக்கினா. அயலவரில் ஒருவர் மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடினார். ஆட்டைத் துரத்திவிட்டு, சாணி மெழுகின நிலத்தில் பாயைப் போட்டு இருவரையும் கிடத்தினோம். நான் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தேன்.

மருத்துவிச்சி வந்ததும் நேரே புது அறைக்குள் போனா. அவ அந்த அறைக்குப் பின்னேரம் வந்தது அன்றைக்குத்தான். போன வேகத்தில் வெளியே வந்தா, முகத்தில் வேர்வை வழிய. பழைய வீட்டுக்குள் குனிந்து வந்து, செம்பை எடுத்து, தன் கையாலே அக்காவின் வாயில் தண்ணீர் வார்த்தா. அம்மா தடுக்கப் போக, "விடுங்கோ, எல்லாம் என்ரை தலையிலை" என்றா. மூன்று செம்பு. பிள்ளையின் நெஞ்சிலும் காலிலும் ஈரத்துணியால் ஒற்றினா. பஞ்சை ஆறின தண்ணீரில் நனைத்து அதன் நாக்கில் துளி துளியாக விட்டா.

ஐயா வெளியே நின்றார். அம்மா விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு வந்தா. ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கிடுகின் நீக்கலுக்குள்ளால் சோளகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, விளக்கு ஆடியது.

பிள்ளை அழுதது. பூனைக்குட்டியின் சத்தம் அளவுதான். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி.

அடுத்த நாள் மீன்காரி பால்சுறாவோடு வந்தா. அக்காவும் பிள்ளையும் ஆடு படுக்கிற இடத்தில் கிடக்கிறதைக் கண்டதும் அவவுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கடை பிள்ளைக்கு என்ன குறை? எங்கடை மாதாவின்ரை பாலனும் ஆட்டோடை மாட்டோடைதான் கிடந்தவர்."

அம்மா அன்றைக்கு விலை பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஐயாவைப் பற்றி. அன்று காலையும் வழக்கம்போலக் குளித்துத் திருநீறு பூசி வந்தார். புது அறை வாசலுக்குப் போகவில்லை. கதிரையைத் தூக்கிப் பழைய வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு இருந்தார். வெயில் நகர நகரக் கதிரையை நகர்த்தினார். ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய் அந்தச் சுவரில் கை வைத்தார், இந்தச் சுவரில் கை வைத்தார். மாமரத்தடிக்குப் போகவில்லை. வந்தவர்களைக் கேற்றோடு அனுப்பிவிட்டார். அம்மா சோற்றைக் கதிரையடிக்கே கொண்டுவந்தா. வருடத்தில் இரண்டு மாதம் வந்து நிற்கிற மனிதர், தான் கட்டினதற்குப் பக்கத்தில் ஒரு முழுப்பகலையும் இருந்து கழித்தது அன்றைக்குத்தான்.

பொழுது சாய்ந்தது. புதுச்சுவரில் கை வைத்துவிட்டு வந்து மறுபடி கதிரையில் இருந்தார். கிடுகுக்கு உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஐயா, இன்னும் உதிலையிருந்து எழும்பிப் போகேல்லையே நீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. இருந்து பாக்கிறன்."